பின் ஆக்சில் உடைந்தால்: டிராக் காரை வைத்து ஒரு தொழில் பாடம்

வளைகுடா நாடுகளில் கராஜ் வேலை பார்க்கும் பிள்ளைகள் நம் ஜமாஅத்தில் பல வீடுகளில் இருக்கிறார்கள். லாரி, டாக்ஸி, பிக்கப் என்று பழகிய கைகளுக்கு அங்கே போனதும் புது மாதிரியாக ஒரு வண்டி வந்து நிற்கும். பார்க்கச் சாதாரண நிஸான் பேட்ரோல் போலத்தான் இருக்கும். பின் சக்கரங்கள் மட்டும் அகலமாக, புதிதிலேயே பட்டன் இல்லாத வழுவழு டயரோடு இருக்கும். ரெக்கவரி வண்டியில் ஏற்றி வந்திருப்பார்கள். "ஆக்சில் போய்விட்டது, அதை மட்டும் மாற்றிக் கொடு, வெள்ளிக்கிழமை ஓட வேண்டும்" என்பார் உரிமையாளர்.

இந்த இதழின் தொழில் பாடத்துக்கு அந்த வண்டியையே எடுத்துக்கொண்டோம். ரேஸ் வண்டி நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் ஊர் லோடு வண்டியில் பத்து வருடம் மெதுவாக நடக்கும் தேய்மானத்தையும் முறிவையும் டிராக் கார் பத்து விநாடியில் காட்டிவிடுகிறது. அதைச் சரிசெய்யத் தெரிந்தவருக்கு மற்ற எல்லாப் பின் ஆக்சில் வேலையும் எளிது. அதோடு, "ஆக்சிலை மட்டும் மாற்று" என்ற அந்தப் பேச்சுக்குத் தலையாட்டினால் என்ன நடக்கும் என்பதையும் நம் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும். அந்த வண்டியில் உட்காரப்போவதும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

முதலில் டிராக் ரேஸ் என்றால் என்ன என்று சுருக்கமாகப் பார்ப்போம். நேர்கோட்டுப் பாதை, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வண்டிகள், நின்ற இடத்திலிருந்து புறப்பாடு. வழக்கமான தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் இளைஞர்கள் பொதுச் சாலையில் இப்படி ஓட்டி உயிரை விட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1951-ல் வாலி பார்க்ஸ் என்பவர் நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார். ஓட்டத்தைச் சாலையிலிருந்து தனிப் பாதைக்குக் கொண்டுபோய், வண்டியைச் சோதித்த பிறகே ஓட விடுவது என்பதுதான் அவர் பிடித்த வழி. (கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவு நேரத்தில் பைக்கை முறுக்கும் தம்பிமார்களின் வீட்டார் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.) இன்று வளைகுடாவிலும் இதற்கென்றே பாதைகள் உண்டு. பஹ்ரைனில் சகீர் பந்தயத் திடலோடு ஒன்று இருக்கிறது, தோஹாவில் கத்தார் ரேஸிங் கிளப் இருக்கிறது. கத்தாரின் அல்-அனாபி அணி அமெரிக்காவுக்கே போய் 2010, 2011, 2013 ஆகிய ஆண்டுகளில் டாப் ஃப்யூயல் பிரிவில் சாம்பியன் பட்டம் வாங்கியது. அங்கே கராஜுக்கு இந்த வண்டிகள் வருவதில் வியப்பில்லை.

இனி வேலைக்கு வருவோம். என்ஜினில் பிறக்கும் முறுக்குவிசை கிளட்ச் வழியாக கியர்பாக்ஸுக்கும், அங்கிருந்து புரொப்பல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின்னால் இருக்கும் பினியனுக்கும் வருகிறது. பினியன் கிரவுன் வீலைச் சுற்றுகிறது. கிரவுன் வீல் இரண்டு பக்க ஆக்சிலையும் சுற்றுகிறது. போகும் வழியில் விசை பெருகிக்கொண்டே போகும். என்ஜின் 600 நியூட்டன் மீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கியர் விகிதம் 2.5, கிரவுன் பினியன் விகிதம் 4 என்றால், ஆக்சிலுக்கு வந்து சேருவது 600-ஐ 2.5-ஆலும் 4-ஆலும் பெருக்கிய 6,000.

ஆனால் அந்த 6,000-மும் எப்போதும் ஆக்சில் மேல் ஏறுவதில்லை. டயர் எவ்வளவு தரையைப் பிடிக்கிறதோ அவ்வளவுதான் ஏறும். மீதிக்கு டயர் சுழன்று வழுக்கிவிடும். பின் சக்கரங்கள் மேல் 1,000 கிலோ பாரம், சக்கரத்தின் ஆரம் 35 சென்டிமீட்டர் என்று கணக்குப் போடுவோம். சாதாரண டயரின் பிடிப்பு 0.8 என்றால் தாங்கும் முறுக்கு சுமார் 2,750 நியூட்டன் மீட்டர். ரேஸ் டயரின் பிடிப்பு 1.5 என்றால் அது சுமார் 5,150. என்ஜினில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. டயரை மட்டும் மாற்றினோம், ஆக்சில் மேல் விழும் சுமை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் கம்பி செய்யும் வேலையைச் சாதாரண டயர் செய்துகொண்டிருந்தது. அந்த ஃபியூஸைக் கழற்றிவிட்டுக் கம்பியை முறுக்கிக் கட்டியதுபோல்தான் ரேஸ் டயர் போடுவது. "நாலு வருஷமா ஒண்ணும் ஆகல, இப்ப ஏன் உடைஞ்சுது" என்று கேட்பவருக்கு முக்கால்வாசி பதில் இதிலேயே இருக்கிறது.

மீதிக் கால்வாசி, அதிர்ச்சி. டயர் ஒரு கணம் வழுக்கி, மறு கணம் பிடித்து, மீண்டும் வழுக்கினால் பின்பக்கம் முழுவதும் குதிக்கும். ஒவ்வொரு பிடிப்பும் ஆக்சில் மேல் ஒரு சம்மட்டி அடி. நம் ஊரில் இதற்கு ஈடு சொல்வதானால், அளவுக்கு மேல் ஜல்லி ஏற்றிய வண்டியை மேட்டில் நிறுத்தி கிளட்சைப் பட்டென்று விடுவது.

உடைந்த துண்டைத் தூக்கி எறியாதீர்கள். அதன் முகத்தைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு சாக்பீஸை எடுத்து இரண்டு முனையையும் பிடித்துத் திருகினால் அது குறுக்கே உடையாது. திருகாணி போல 45 டிகிரிச் சாய்வில் வளைந்து உடையும். மிகக் கடினமாக்கப்பட்ட ஆக்சில் ஒரே அதிர்ச்சியில் போனால் முகம் அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் இளக்கமான எஃகு என்றால் முதலில் முறுக்கிக்கொண்டு, பிறகு குறுக்காகத் தட்டையாக உடையும். பக்கத்தில் ஸ்ப்ளைன் பற்கள் ஜிலேபி மாதிரி சாய்ந்திருக்கும். மூன்றாவது வகையைத்தான் கவனமாகத் தேட வேண்டும். முகத்தின் ஒரு பகுதி வழுவழுப்பாக, கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள் போல வரி வரியாக இருக்கும். மீதி சொரசொரப்பாக, புதிதாக இருக்கும். அந்த விரிசல் இன்று பிறந்ததில்லை. பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, தாங்கும் பகுதி குறைந்து, கடைசியில் ஒரு புறப்பாட்டில் முடிந்திருக்கிறது. அப்படி உடைந்த இடம் சக்கரத்துப் பக்கம், பேரிங்குக்கு அருகில் என்றால் ஹவுசிங் வளைந்திருக்கிறதா, பேரிங் ஆடுகிறதா என்று சந்தேகப்பட வேண்டும். காரணத்தை விட்டுவிட்டுப் புது ஆக்சில் போட்டால் அதுவும் அதே இடத்தில் உடையும்.

வண்டியைத் தூக்கும்போது ஒரு விஷயம். ஜாக்கியை நம்பி ஒருபோதும் அடியில் போகக் கூடாது. சமதரையில் ஸ்டாண்டு கொடுத்து, வண்டியை அசைத்துப் பார்த்த பிறகே போக வேண்டும். இது எல்லா வண்டிக்கும் உள்ளது. டிராக் காரில் கூடுதலாக ஓர் ஆபத்து உண்டு. பெரும்பாலும் டிஃப்ரன்ஷியலுக்குப் பதிலாக ஸ்பூல் என்ற ஒரே கட்டி இருக்கும். இரண்டு சக்கரமும் எப்போதும் சேர்ந்தே சுற்றும். சாதாரணக் கார் என்ற நினைப்பில் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி என்ஜினை ஓட்டி கியர் போட்டால், தரையில் இருக்கும் சக்கரம் வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளிவிடும். இரண்டையும் தூக்க வேண்டும், அல்லது என்ஜினைத் தொடவே கூடாது. ஓடும்போதும் இதே ஸ்பூல்தான் ஆளைப் பயமுறுத்தும். ஒரு பக்க ஆக்சில் உடைந்தால் முழு விசையும் மறு சக்கரத்துக்குப் போய், வண்டி உடைந்த பக்கம் நோக்கி இழுக்கும். பக்கத்துப் பாதையில் இன்னொரு வண்டி ஓடிக்கொண்டிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

உடைந்த ஆக்சிலின் வெளித் துண்டு எளிதில் வந்துவிடும். உள்ளே மாட்டிக்கொண்ட துண்டை, ஸ்பூல் நடுவில் துளையோடு இருந்தால், மறுபக்கத்திலிருந்து நீளமான கம்பியால் தட்டி வெளியே தள்ளலாம். பிறகு வருவது யாருக்கும் பிடிக்காத வேலை, சுத்தம் செய்வது. உடையும்போது சிதறிய எஃகுத் துகள் எண்ணெயோடு கலந்து ஹவுசிங் குழாய்களின் கடைசி வரை போயிருக்கும். டீசல் ஊற்றி, துணி கட்டிய கம்பியை விட்டு, வெள்ளைத் துணியில் கறை வராத வரை இழுக்க வேண்டும். காற்றுப் போகும் பிரீதரையும் கழற்றிக் கழுவ வேண்டும். இதை அவசரப்பட்டு விட்டால் புதுப் பேரிங் சில நாளிலேயே ஓலமிடும்.

அதோடு முடியவில்லை. ஆக்சிலை உடைத்த அடி அந்த ஆக்சிலோடு நின்றிருக்காது. டயரிலிருந்து கியர்பாக்ஸ் வரை எல்லாச் சாமானும் அதே அடியை வாங்கியிருக்கின்றன. மறுபக்க ஆக்சிலை வெளியே எடுங்கள், நேராகத் தெரிந்தாலும் ஸ்ப்ளைனை உற்றுப் பாருங்கள். பற்கள் இம்மி சாய்ந்திருந்தாலும் அது கழிவு. கிரவுன் வீல் பற்களின் அடியில் முடி போன்ற விரிசல் இருக்கிறதா, பினியன் முனையில் சில்லு தெறித்திருக்கிறதா, யூஜே கிராஸின் தொப்பிக்குள் ஊசி பேரிங் பதிந்து தழும்பு விட்டிருக்கிறதா, கியர்பாக்ஸின் வால் பகுதி புஷ் ஆடுகிறதா என்று வரிசையாகப் போக வேண்டும். உரிமையாளர் ஆக்சில் மட்டும் போதும் என்றாலும் பார்த்ததை எழுதிக் கொடுங்கள். எதை மாற்றினோம், எதை மாற்ற வேண்டாம் என்று அவர் சொன்னார் என்பது தேதியோடு தாளில் இருக்கட்டும். வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைக்கு அந்தத் தாள்தான் நாளை பேசும்.

ஹவுசிங் நேராக இருக்கிறதா என்பதைப் பார்க்கத் தனிக் கருவி உண்டு. அது இல்லாத இடத்தில், டயரின் நடுவில் குறி போட்டு, முன்பக்கத்து இடைவெளியையும் பின்பக்கத்து இடைவெளியையும் டேப்பால் அளந்து ஒப்பிட்டாலே பெரிய வளைவு தெரிந்துவிடும். வளைந்த ஹவுசிங்கில் எவ்வளவு விலை உயர்ந்த ஆக்சில் போட்டாலும் ஒவ்வொரு சுற்றிலும் அது மடங்கி நிமிர்ந்து களைத்துப்போகும்.

புது ஆக்சில் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்? தடிமன் கொஞ்சம் கூடினாலே பலம் நிறையக் கூடும். திருகலைத் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. ரேஸ் வண்டிகளில் வழக்கமாக உள்ள 31 பல் ஆக்சில் சுமார் 33 மில்லிமீட்டர், 35 பல் ஆக்சில் சுமார் 38 மில்லிமீட்டர். ஐந்து மில்லிமீட்டர்தான் வித்தியாசம், பலம் ஒன்றரை மடங்கு. ஆனால் தடித்த ஆக்சிலுக்கு ஸ்பூலும் பேரிங்கும் அதற்கேற்றபடி மாற வேண்டும். செலவு அங்கேதான் ஏறும், அதை முன்பே சொல்லிவிடுங்கள்.

உடைந்த ஆக்சிலை வெல்டிங் வைத்து லேத்தில் கடைந்து கொடுப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வேண்டாம். சூடாக்கி, குளிரவைத்து, பதம் ஏற்றிய எஃகு அது. வெல்டிங் சூட்டில் பதம் போய்விடும், ஒட்டுக்குப் பக்கத்திலேயே உடையும். காயலான் கடையில் கிடைக்கும் பழைய ஆக்சில் குடும்பம் ஏறும் வண்டிக்கு ஒருவேளை ஒத்துவரலாம். ரேஸ் டயர் போட்ட வண்டிக்கு அது எத்தனை அடி வாங்கியது என்று யாருக்கும் தெரியாது.

சில அமெரிக்க வண்டிகளில் ஆக்சிலை வெளியே வராமல் பிடித்திருப்பது உள்ளே டிஃப்ரன்ஷியலுக்குள் இருக்கும் சி வடிவ சிறு கிளிப் மட்டும்தான். ஆக்சில் உடைந்தால் சக்கரமும் துண்டுமாகச் சேர்ந்து வெளியே வந்துவிடும். வேகமான வண்டிகளுக்கு இந்த ஏற்பாடு கூடாது என்று பந்தய விதியே சொல்கிறது. ஹவுசிங் முனையிலேயே ஆக்சிலைப் பிடித்து நிறுத்தும் தட்டு போட வேண்டும். லாரியில் இந்தக் கவலை இல்லை. அங்கே சக்கரம் ஹவுசிங் மேல் தனியாக உட்கார்ந்திருக்கிறது, ஆக்சில் சுற்ற மட்டுமே செய்கிறது, அதனால்தான் சக்கரத்தைக் கழற்றாமலே அதை உருவ முடிகிறது.

கிரவுன் பினியன் போடுவது பொறுமைக்கான வேலை. பினியனின் ஆழம், பேரிங்கின் இறுக்கம், பல்லுக்குப் பல் உள்ள இடைவெளி என மூன்றும் ஒன்றையொன்று பாதிக்கும். இடைவெளி பொதுவாக 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை, அதாவது தலைமுடி இரண்டு மூன்று சேர்ந்த கனம். டயல் கேஜ் வைத்து நான்கு இடத்தில் அளக்க வேண்டும். அந்தந்த வண்டியின் புத்தகம் சொல்லும் எண்ணே கடைசி வார்த்தை. பிறகு கிரவுன் வீல் பற்களில் குறி மையைத் தடவி, கையால் சுற்றி, தடம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பல்லின் நடுவில் விழுந்தால் சரி. பல்லின் அடிப்பக்கம் விழுந்தால் பினியன் அளவுக்கு மீறி உள்ளே இருக்கிறது. மேல் விளிம்பில் விழுந்தால் வெளியே இருக்கிறது. பெரும்பாலான ஹவுசிங்கில் ஷிம் கூட்டினால் பினியன் உள்ளே போகும். 1957-ல் வந்து இன்றும் டிராக் உலகம் விரும்பும் ஃபோர்டு 9 அங்குல ஆக்சிலில் மட்டும் தலைகீழ், ஷிம் கூட்டினால் வெளியே வரும். பழகாதவர்கள் அரை நாளை இதிலேயே தொலைப்பார்கள்.

பினியன் பேரிங்குகளுக்கு நடுவே இருக்கும் நசுங்கும் குழாயை ஒருமுறை கழற்றினால் மறுபடி போடக் கூடாது. டிராக் காருக்கு அதற்குப் பதில் நசுங்காத கட்டிக் குழாயும் ஷிம்மும் போடுவதே வழக்கம். அடி விழும்போது பினியன் அசையாது.

புரொப்பல்லர் ஷாஃப்ட்டை மாட்டும்போது இரண்டு முனை யோக்குகளும் ஒரே நேரில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினால் அதிர்வு வண்டியை உலுக்கும். புறப்படும்போது பினியனின் மூக்கு மேலே எழும்பப் பார்க்கும். அதனால் நிற்கும்போது அதை ஓரிரு டிகிரி கீழ்நோக்கி வைப்பார்கள். ஷாஃப்ட்டின் முன் கிராஸ் உடைந்தால் ஷாஃப்ட் தரையில் குத்தி வண்டியையே தூக்கிவிடும், அல்லது ஓட்டுநரின் காலடித் தகட்டைப் பிளந்து உள்ளே வரும். அதற்காகத்தான் முன் கிராஸுக்கு 15 சென்டிமீட்டருக்குள் ஒரு இரும்பு வளையம் போடச் சொல்கிறது விதி. பட்டை இரும்பென்றால் சுமார் 6 மில்லிமீட்டர் கனம், 50 மில்லிமீட்டர் அகலம். அரை நாள் வேலை, கொஞ்சம் இரும்பு.

இப்படிப்பட்ட விதிகள் பலவற்றுக்குப் பின்னால் ஒருவருடைய காயம் இருக்கிறது. டான் கார்லிட்ஸ் அமெரிக்க டிராக் ஓட்டத்தில் மிகப் பெரிய பெயர். அந்தக் காலத்து டிராக்ஸ்டர் வண்டியில் என்ஜின் முன்னால், ஓட்டுநர் கடைசியில். கியர்பாக்ஸ் அவருடைய இரண்டு கால்களுக்கும் நடுவில் இருக்கும். 1970 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் லயன்ஸ் பாதையில் புறப்படும்போதே அவருடைய கியர்பாக்ஸ் வெடித்தது. வண்டி இரண்டாக முறிந்தது, வலது பாதத்தின் ஒரு பகுதி போய்விட்டது. படுக்கையில் இருந்தபடியே என்ஜினைத் தனக்குப் பின்னால் வைக்கும் வண்டியை யோசித்தார். 1971-ல் அதை ஓட்டி வென்றும் காட்டினார். சில ஆண்டுகளில் அந்தப் பிரிவில் எல்லோரும் அந்த அமைப்புக்கே மாறினார்கள்.

எல்லாம் பூட்டியாயிற்று. ஜிஎல்-5 தரமுள்ள கியர் ஆயிலை அளவாக ஊற்றுங்கள். புதுக் கிரவுன் பினியனை அன்றே பாதைக்கு அனுப்பக் கூடாது. பதினைந்து இருபது நிமிடம் மெதுவாக ஓட்டி, முழுவதும் ஆறவிட்டு, இப்படி இரண்டு மூன்று முறை செய்த பிறகு எண்ணெயை மாற்ற வேண்டும். உரிமையாளரின் வெள்ளிக்கிழமை தள்ளிப்போனால் போகட்டும்.

ஆக்சிலை உள்ளே தள்ளும் முன் அதன் நீளத்துக்கு வெள்ளை பெயின்டால் நேர்கோடு ஒன்று போட்டு வையுங்கள். சில ஓட்டங்களுக்குப் பின் வெளியே இழுத்துப் பார்க்கும்போது கோடு நேராக இருந்தால் ஆக்சில் நலம். கோடு கயிறு மாதிரி சுற்றியிருந்தால், உடையாமல் இருந்தாலும் அதைத் திரும்ப மாட்டாதீர்கள். கூடவே எண்ணெய் வடிக்கும் போல்ட்டின் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு இருந்தால் வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் சில்லு இருந்தால், ஹவுசிங்கை அன்றே திறக்க வேண்டும்.